ஏழாவது புள்ளி

பூ ரக்பா வெந்நீர் ஊற்றுக்கு வஸீலா வருவது இது முப்பத்தோராவது தடவை. இதுவே கடைசித் தடவை என்பதில்தான் அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். சந்தோஷம் என்றெல்லாம் சொல்ல முடியாது. கடிக்கிற செருப்பை வீட்டுக்குப் போனதும் கழற்றிவிடலாம் என்ற நினைப்பு, அவ்வளவுதான்.

பிப்ரவரி மாதம். விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அன்னாபா நகரத்திலிருந்து இருட்டோடு கிளம்பிய பிக்கப் வண்டி மலைப்பாதையில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் புஜெம்மா. பல்கலைக்கழகத்தில் களப்பணி உதவியாளர்; பேராசிரியையான வஸீலாவை அவர் 'உஸ்தாதா' என்பார், இவள் அவரைச் சித்தப்பா முறை வைத்து 'அம்மி' என்பாள். வயது ஐம்பத்தெட்டு, வாய்க்கு மட்டும் இருபதுக்கு மேல் ஏறவே இல்லை.

"உஸ்தாதா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"வேணாம்னா விடவா போறீங்க, அம்மி?"

"கொதிக்கிற தண்ணியில குடியிருக்குதே உங்க பூச்சிங்க, அதுங்களுக்கு வெள்ளிக்கிழமையாவது லீவு உண்டா?"

"அது பூச்சி இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி, பிள்ளைங்கன்னு வெச்சுக்குவோம். பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி மலையேறி வந்து யாரும் சூடு பாக்க மாட்டாங்க. நீங்க பாக்குறீங்க. அதான் கேட்டேன்."

வேறு நாளாக இருந்தால் வஸீலா சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிக்கத் தெம்பில்லை. நாற்பத்தாறு வயதில் இடுப்பு வலி நிரந்தரக் குடித்தனம் வந்துவிட்டது. தூக்கம் விட்டுப்போய் மூன்று வருடம். ஆறு இடங்களில் சூட்டை அளக்க வேண்டும், ஆறு குப்பிகளில் பாசியைச் சுரண்டி எடுக்க வேண்டும், அறிக்கையை முடித்துத் தலைமுழுக வேண்டும். அதன்பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

வண்டி நின்றது. கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்து முகத்தில் மோதியது. அழுகின முட்டையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை. சட்டையில் ஒட்டினால் மூன்று சலவைக்கும் போகாது.

ஊற்று இருக்கும் சரிவு முழுக்க வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பாறை. மேலே மடுக்களில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். அது வழிந்து ஆறிக்கொண்டே கீழே வரும். எங்கே எவ்வளவு சூடு என்பதை நிறத்தைப் பார்த்தே வஸீலா சொல்லிவிடுவாள். கொதிக்கிற இடத்தில் வெறும் வெள்ளை. கொஞ்சம் ஆறின இடத்தில் பச்சைப் பாசி. இன்னும் ஆறினால் ஆரஞ்சு. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நெய்த பாய் அது. அவளுடைய இருபது வருடத்தையும் அந்தப் பாய்தான் தின்று தீர்த்திருந்தது.

அன்றைக்கு நிறம் எதுவும் தெரியவில்லை. காலைக் குளிரில் ஆவி சுவர் எழுப்பின மாதிரி நின்றது. நீட்டிய கையின் விரல் நுனி தெரியவில்லை.

புஜெம்மா மடக்கு மேசையையும் நாற்காலியையும் கொண்டுவந்து வழக்கமான கெட்டித் தரையில் போட்டார். கயிற்று வலையில் நான்கு முட்டைகள் வைத்திருந்தார். முதல் மடுவில் முக்கி எடுத்தால் காலைச் சாப்பாடு தயார்.

"சூடு பாக்குற கம்போட ஒயர்ல என்னமோ கோளாறு. வண்டியில வெச்சுப் பாத்துட்டு வந்து ஆரம்பிக்கிறேன்" என்று அவர் சொன்னதாக வஸீலாவுக்குப் பிற்பாடு ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் மனசில் பதியவில்லை. கழுத்துத் துண்டுக்குள் வாயைப் புதைத்துக்கொண்டு நோட்டைத் திறந்து தேதியை எழுதினாள்.

இந்த ஊற்றில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் நீளக் கம்பில் வெப்பமானியைக் கட்டிக்கொண்டு மடுவின் ஓரத்துக்குப் போவார். பாறை கெட்டியாக இருக்கும் வழியைக் காட்ட இரும்பு முளைகளில் கயிறு கட்டியிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. இன்னொருவர் மேசையில் உட்கார்ந்து எழுதுவார். ஓரத்தில் இருப்பவர் புள்ளியின் எண்ணையும் சூட்டையும் கத்திச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது காதில் விழுந்தால்தான் கம்பை எடுத்துக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போகலாம். கருவியை ஊற்றிலேயே விட்டுவிட்டு வரலாமே என்று கேட்பார்கள். ஒரே மாதத்தில் அதன்மேல் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடும். இருமுகிற, தும்முகிற மனுஷனைத்தான் இந்த ஊற்று கொஞ்சமாவது மதிக்கும்.

"ஒண்ணு. தொண்ணூத்தி நாலு."

ஆவிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்ணு. தொண்ணூத்தி நாலு" என்று வஸீலா திருப்பிச் சொல்லி எழுதினாள்.

"ரெண்டு. எண்பத்தெட்டு."

"ரெண்டு. எண்பத்தெட்டு."

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. கை எழுதியது, வாய் சொன்னது, மனசு எங்கேயோ கிடந்தது. எத்தனை வருடப் பழக்கம்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் திருப்பிச் சொல்வாள்.

"ஏழு. தொண்ணூத்தாறு. எழுதிக்கிட்டியா, வஸீலா?"

"ஏழு. தொண்ணூத்தாறு" என்று சொல்லி எழுதினாள்.

எழுதி முடித்த பிறகுதான் அவள் பேனா நின்றது.

ஏழாவது புள்ளி என்று ஒன்று இப்போது இல்லை.

"மன்னிக்கணும் உஸ்தாதா, அந்த ஒயர் உயிரை வாங்கிடுச்சு." குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. புஜெம்மா ஒரு கையில் கம்பும் ஒரு கையில் காப்பிக் குவளையுமாக வண்டிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். "இப்பத்தான் சரியாச்சு. இதைக் குடிங்க. குடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்."

வஸீலா அவரைப் பார்த்தாள். ஆவியைப் பார்த்தாள்.

புஜெம்மா குனிந்து நோட்டைப் பார்த்தார். "என்ன இது, அதுக்குள்ள எழுதியாச்சா? ஏழு இருக்கே. நமக்கு ஆறுதானே?"

"போன தடவை எழுதினது" என்றாள் வஸீலா. பக்கத்தின் தலையில் அன்றைய தேதி இருந்தது. புஜெம்மா அதைப் பார்த்தார். முட்டை வலையைக் கம்பில் மாட்டிக்கொண்டு, "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து, கயிற்றைப் பிடித்தபடி ஆவிக்குள் போனார்.

ஏழாவது புள்ளி யாருடையது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நிலவியல்காரர் லமீன் அவளோடு பதினொரு வருடம் இங்கே வேலை பார்த்தவர். அவருக்குப் பாறை, அவளுக்குப் பாசி. சண்டையும் கிண்டலுமாக ஓடிய காலம். "என் கல்லு மேல உன் சளி படியுது" என்பார் அவர். "என் சளி இல்லைன்னா உன் கல்லை எவன் பாப்பான்?" என்பாள் இவள். மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பிப்ரவரிக் காலையில் அவர் கம்பைப் பிடித்தார், இவள் மேசையில் இருந்தாள். புஜெம்மா கிராமத்துக்கு ரொட்டி வாங்கப் போயிருந்தார்.

அன்றைக்கு வஸீலாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முந்தின நாள் முழுக்க வேலை, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஆறு வரைக்கும் திருப்பிச் சொன்னாள். ஏழாவதை லமீன் சொன்னபோது எழுதிக்கொண்டாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. துண்டை விலக்கினால் குளிர் ஏறும். காதில்தான் விழுந்ததே, எழுதியும் ஆயிற்றே, பிறகென்ன?

அவர் மறுபடி சொன்னார். "ஏழு. தொண்ணூத்தாறு. எழுதிக்கிட்டியா, வஸீலா?"

கேட்டுது, கத்தாதே என்று மனசுக்குள் சொன்னாள்.

மூன்றாவது தடவை குரல் பக்கத்தில் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லையென்று நினைத்து, கயிற்றைத் தாண்டி, நேராக அவளை நோக்கி நடந்து வந்திருக்கிறார். அங்கே மேலே பார்த்தால் கல், கீழே கொதிநீர். சில இடத்தில் அந்தக் கல் ஒரு முழக் கனம். சில இடத்தில் தட்டையான ஒரு கஸ்ரா ரொட்டியின் கனம்தான்.

ரொட்டி உடைகிற சத்தம்தான் கேட்டது. அவர் கத்தக்கூட இல்லை.

மூன்று நாள் தேடினார்கள். ஒரு கையுறை கிடைத்தது. அத்தோடு ஏழாவது புள்ளியை அளப்பதை விட்டார்கள். அந்தப் பள்ளம் ஒரே வருடத்தில் சுண்ணாம்பு படிந்து தன்னைத்தானே மூடிக்கொண்டது. லமீன் உள்ளேதான் இருக்கிறார், கல்லோடு கல்லாக.

விசாரணையில் வஸீலா சொன்னது ஒரே வாக்கியம். "நான் எல்லாத்தையும் திருப்பிச் சொன்னேன், அவர் ஏன் கயிற்றைத் தாண்டினார்னு எனக்குத் தெரியாது." பாவி, அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் லமீனின் அப்பா இறந்திருந்தார், மனுஷன் யாரோடும் முகம்கொடுத்துப் பேசாமல் திரிந்தார். ஊர் கணக்குப் போட்டுக்கொண்டது. தானே இறங்கிவிட்டான் என்று கடையில் பேசினார்கள், பள்ளிவாசல் வாசலில் பேசினார்கள். லமீனின் தாய் மருமகள் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டாள். "நீ என்ன சொன்னே, என் பிள்ளை அப்படிப் போக?" என்று கேட்டாளாம்.

துக்க வீட்டில் லமீனின் மனைவி நஜாத் வஸீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். "அவர் தானா போனாரா? அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

"ஆவியில எனக்கு எதுவும் தெரியல" என்றாள் வஸீலா. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

"ஒண்ணு. தொண்ணூத்தி நாலு, உஸ்தாதா!"

புஜெம்மாவின் குரல். கரகரப்பு, சிகரெட் பிடித்துக் கெட்ட தொண்டை. சந்தேகமே இல்லை.

வஸீலா திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஏழு. தொண்ணூத்தாறு."

இது இன்னொரு குரல். இடது பக்கம், மூடிக்கொண்ட பள்ளம் இருக்கும் திசை.

வாய் அப்படியே நின்றது.

"ஒண்ணு. தொண்ணூத்தி நாலு! கேக்குதா?"

"ஏழு. தொண்ணூத்தாறு. எழுதிக்கிட்டியா, வஸீலா?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பதில் சொன்னால் இரண்டு பேரும் கேட்பார்கள். சொல்லாவிட்டால் அது போய்விடும் என்று நினைத்தாள். பேய்க்கு வாய் கொடுக்கக் கூடாது என்று எந்த வயதிலோ யாரோ சொல்லி வைத்தது. இருபது வருடம் விஞ்ஞானம் படித்த புத்தி அதைப் போய் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, பக்கத்தில்:

"ஏழு. தொண்ணூத்தாறு."

ஈரத்தில் கால் வைத்து எடுக்கிற சத்தம். ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி.

பதில் வராவிட்டால் அது நெருங்கி வருகிறது. அன்றைக்கு வந்த மாதிரியேதான் வருகிறது.

"உஸ்தாதா! என்னாச்சு? உடம்பு சரியில்லையா?" புஜெம்மாவின் குரலும் இப்போது பக்கத்தில் கேட்டது. "இருங்க, நான் வரேன்!"

கயிறு கட்டிய இரும்பு முளை ஒன்று அசைந்து கிணுங்கென்றது. யாரோ கயிற்றைத் தாண்டினால்தான் அந்தச் சத்தம் வரும்.

அப்புறம் மெல்லிதாக, மொறமொறவென்று, கல் விரிசல்விடுகிற சத்தம்.

வஸீலா நாற்காலி கவிழ எழுந்தாள். "ஒண்ணு! தொண்ணூத்தி நாலு!" என்று அலறினாள். "கேட்டுது அம்மி! அசையாதீங்க! காலை எடுக்காதீங்க! வந்த தடத்துலேயே பின்னால போங்க, கயிறு பின்னாலதான் இருக்கு! ஒண்ணு, தொண்ணூத்தி நாலு, ஒண்ணு, தொண்ணூத்தி நாலு…"

அழுகையும் இருமலுமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முளை மறுபடி கிணுங்கென்றது.

"யா அல்லா" என்றது புஜெம்மாவின் குரல், தூரத்தில். "பிடிச்சிட்டேன். கயிறு என் கையில இருக்கு."

அவள் மூச்சு விட்டாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு கை எட்டும் தூரத்தில், ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"ஏழு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏழு" என்றாள். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. "ஏழு. தொண்ணூத்தாறு. எழுதிக்கிட்டேன், லமீன்."

யாரும் பதில் சொல்லவில்லை.

வெயில் ஏறி ஆவி கலைய அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் புஜெம்மா சுற்றுவழியில் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது காலணி உருகிப் போயிருந்தது, கணுக்கால் சிவந்து கொப்பளித்திருந்தது. முட்டை வலை எங்கே விழுந்ததோ தெரியவில்லை.

முதலில் பார்த்தது அவர்தான். "உஸ்தாதா. அங்க பாருங்க."

மூடிய பள்ளத்துக்கும் மேசைக்கும் நடுவே ஆரஞ்சுப் பாசி பாய் விரித்த மாதிரி கிடந்தது. அதன்மேல் பச்சையாகக் காலடித் தடங்கள் இருந்தன. பள்ளத்தில் தொடங்கி, நேர்கோட்டில், மேசை வரைக்கும். பெரிய காலணித் தடம், ஒரு ஆணுடையது.

புஜெம்மா ஓத ஆரம்பித்தார். வஸீலாவுக்கு ஓதவும் வரவில்லை. ஆரஞ்சு இருக்கிற இடத்தில் பச்சை வளர வேண்டுமானால் அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடேற வேண்டும். ஒரு நாள் சூட்டில் வளராது. வாரக்கணக்கில் சூடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இது அவள் தொழில், அவளைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. போன நவம்பரில் வந்தபோது இங்கே ஒரு தடமும் இல்லை. அப்படியானால் நவம்பரிலிருந்து ஒவ்வொரு அடியிலும் யாரோ வாரக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். நின்று, பதிலுக்குக் காத்திருந்து, வராததால் அடுத்த அடி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

கடைசித் தடம் மேசைக்காலை ஒட்டி, நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது.

"நீங்க இன்னைக்கு ரொம்ப நேரம் பதிலே சொல்லல" என்றார் புஜெம்மா. அவர் அவளைப் பார்க்காமல் தடத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். "உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சுத்தான் நான் கயித்தைத் தாண்டினேன். முப்பது வருஷ சர்வீஸ். தாண்டக்கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சும் தாண்டினேன்."

வஸீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கும் இப்படித்தானா, உஸ்தாதா?"

அவள் ஆமாம் என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் பச்சைத் தடங்களின்மேல் தண்ணீர் இரண்டு மூன்று தடவை அலையடித்துப் போயிருக்கும். சொன்னாள்.

புஜெம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து நொண்டிக்கொண்டே மேசையை மடக்கினார். "கெல்மா இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். அந்தப் பொண்ணு நஜாத் வீடு எனக்குத் தெரியும். வண்டியில ஏறுங்க."

"உங்க கால்…"

"என் கால் எங்கேயும் ஓடிடாது. ஏறுங்க."

நஜாத்தின் வீடு மூன்றாவது மாடி. புஜெம்மா கீழேயே வண்டியில் இருந்துவிட்டார். கதவைத் திறந்த நஜாத்தை வஸீலாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரிக் கருவளையம். மூன்று வருடமாகக் கண்ணாடியில் தான் பார்த்துவரும் அதே முகம் இங்கேயும் இருப்பதை வஸீலா பார்த்தாள்.

"வாங்க" என்றாள் நஜாத். ஆச்சரியப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை போலிருந்தது. "காப்பி வைக்கிறேன்."

"வேணாம். உக்காருங்க நஜாத். நான் சொல்றதைக் கேட்டுட்டு என்னை வெளியில தள்ளினாலும் சரி."

கூடத்தின் மூலையில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. மைசா என்று பெயர். லமீனின் நெற்றி அப்படியே இருந்தது.

வஸீலா சொன்னாள். தொண்டை கட்டியிருந்தது, துண்டை விலக்கச் சோம்பல்பட்டது, மூன்று தடவை கூப்பிட்டும் பதில் சொல்லாதது, விசாரணையில் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னாள். "அவர் தானா போகல. என்கிட்ட வந்தார். எனக்குக் கேக்கலைன்னு நெனச்சு என்கிட்ட நடந்து வந்தார். நாளைக்கே விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கிறேன். உங்க மாமியார் வீட்டுக்கும் நானே போய் என் வாயால சொல்றேன்."

நஜாத் அழவில்லை.

"எழுதும்போது ஏழுன்னும் எழுதுவீங்களா? ஏழு, தொண்ணூத்தாறு?" என்று கேட்டாள்.

வஸீலா நிமிர்ந்தாள். அந்த எண்ணை அவள் சொல்லவே இல்லை. சொன்ன கதையில் எண் எதுவும் வரவில்லை.

"குளியலறையில வெந்நீர் தொறந்தா வரும்" என்றாள் நஜாத். குரலைத் தாழ்த்தி, குழந்தைக்குக் கேட்காமல் பேசினாள். "கண்ணாடியில ஆவி படியும், அப்புறம் குரல் வரும். முதல்ல எனக்குப் பைத்தியம்னு நெனச்சேன். காதைப் பொத்திக்கிட்டேன். பேசாம இருந்தா கிட்ட வந்துடும். ஒரு நாள் திரைக்குப் பின்னால நின்னுச்சு. பயத்துல வாய்க்கு வந்ததை உளறினேன், அது சொன்னதையே நானும் சொல்லிட்டேன். உடனே போயிடுச்சு. அன்னைலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். சோறு வடிக்கும்போது, துணி அலசும்போது, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. என்ன எண்ணு, எதுக்குன்னே தெரியாது. என் மக முதல்ல பேசின வார்த்தை அம்மா இல்லை, தெரியுமா? தொண்ணூத்தாறு."

வஸீலா குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

நஜாத் திடீரென்று எழுந்து அடுக்களைக்குப் போனாள். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அடுப்பை மூட்டினாள். வஸீலாவும் பின்னால் போனாள். தண்ணீர் சலசலத்தது, கொதித்தது, ஆவி எழும்பி ஜன்னல் கண்ணாடியை மூடியது.

ஒரு சத்தமும் இல்லை.

நஜாத் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். "போயிட்டார்" என்றாள். "என்கிட்டேர்ந்து போயிட்டார். யா ரப்பி, இன்னைக்கு நான் தூங்குவேன்."

வஸீலா அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் தோளிலிருந்தும் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. இனி அவளும் தூங்கலாம் என்று நினைத்தாள்.

மைசா கட்டைகளை விட்டுவிட்டு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றது. அழுகிற தாயை அது பார்க்கவில்லை. வஸீலாவையும் பார்க்கவில்லை. வஸீலாவின் முதுகுக்குப் பின்னால், ஒரு ஆள் உயரத்தில், அண்ணாந்து பார்த்தது.

"முப்பத்தாறு" என்றது குழந்தை, தெளிவாக.

நஜாத்தின் அழுகை சட்டென்று நின்றது. "இதை அவ சொன்னதே இல்லையே" என்று முணுமுணுத்தாள். "அவளுக்கு இந்த எண்ணே தெரியாது."

வஸீலாவுக்குத் தெரியும். இருபது வருடமாகச் சூட்டை அளந்தவள். எந்த மடுவிலும் அந்த எண் வருவதில்லை. உயிருள்ள மனுஷ உடம்பின் சூடு அது.

பின்கழுத்தில், மயிர்க்கால் ஓரத்தில், வெப்பமானியுடையது போல மெல்லிய, சூடான கம்பி முனை ஒன்று பட்டிருந்தது. அழுகின முட்டை வாடை அடித்தது. யாரோ அவள் காதருகே, பொறுமையாக, காத்துக்கொண்டிருந்தார்கள்.

நஜாத் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

"என்னை இல்ல, உங்களைத்தான் கேக்குறார்" என்றாள். "பேசாம இருக்காதீங்க வஸீலா. சொல்லிடுங்க."

"முப்பத்தாறு" என்றாள் வஸீலா.

பின்கழுத்திலிருந்த சூடு போய்விடவில்லை, ஒரு அடி விலகியது. ஒரே ஒரு அடி.